தொபியாவின் தட்டுமுட்டுகள்

எருசலேம் ஆலயத்தை ஒட்டி ஒரு பெரிய அறை இருந்தது. ஜனங்கள் கொண்டுவரும் தானியம், திராட்சரசம், எண்ணெய் ஆகியவற்றின் தசமபாகத்தையும் தூபவர்க்கத்தையும் அதில்தான் சேர்த்து வைப்பார்கள். லேவியர், பாடகர், வாசல் காவலர் எல்லாருக்கும் படியளந்தது அந்த அறை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதைக் காலிசெய்து தொபியா என்ற பெரிய மனிதருக்குத் தங்கக் கொடுத்துவிட்டார்கள். அறைகளுக்குப் பொறுப்பாயிருந்த ஆசாரியன் எலியாசிபுக்குத் தொபியா வேண்டப்பட்டவர். ஆளுநர் நெகேமியா அப்போது ஊரில் இல்லை. பாரசீக மன்னரிடம் போயிருந்தார். திரும்பி வந்தவர் தொபியாவின் தட்டுமுட்டுகளை அள்ளி வெளியே எறிந்தார். அறையைச் சுத்திகரிக்கச் சொன்னார். அதன் பிறகுதான் அடுத்த சேதி அவர் காதுக்கு வந்தது: லேவியருக்குப் படி நின்றுபோயிருந்தது, அவர்கள் பிழைப்புக்காக அவரவர் வயலுக்கு ஓடிப்போயிருந்தார்கள்.

நெகேமியா திட்டியது தசமபாகம் கொடுக்காத குடியானவனை அல்ல. அதிகாரிகளைக் கூப்பிட்டு ஆலயம் ஏன் இப்படிக் கைவிடப்பட்டது என்று கேட்டார். லேவியரைத் திரும்ப அழைத்து அவரவர் இடத்தில் நிறுத்தினார். அதற்கப்புறம் தானியமும் எண்ணெயும் தானாக வந்து சேர்ந்தன. ஓர் ஆசாரியன், ஒரு வேதபாரகன், ஒரு லேவியன், இவர்களுக்கு உதவியாக இன்னொருவர் என்று நாலு பேரை அறைக்குப் பொறுப்பாக்கினார். அவர்கள் உண்மையுள்ளவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் என்பதையும் குறித்து வைத்தார்.

ஏறக்குறைய இதே காலத்தைச் சேர்ந்தது மல்கியா தீர்க்கதரிசியின் புத்தகம். தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்வதும், வானத்தின் பலகணிகள் திறக்கும் என்பதும் அதன் 3ஆம் அதிகாரத்தில்தான் வருகின்றன. சபைக்குப் போகும் தமிழ்க் கிறிஸ்தவர் எவரும் அந்தப் பகுதியின் மேல் வருஷத்துக்கு ஒரு பிரசங்கமாவது கேட்டிருப்பார். நெகேமியா 13ஆம் அதிகாரத்தின் மேல் காணிக்கைப் பிரசங்கம் கேட்டவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு. மல்கியாவின் முதலிரண்டு அதிகாரங்களில் பெரும்பகுதி ஆசாரியரின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு என்பதும் பிரசங்கத்தில் அநேகமாக வராது. குருடும் நொண்டியுமான ஆட்டைப் பலிபீடத்தில் வைத்தவர்கள் அவர்கள். தசமபாகத்தின் இரண்டாயிரத்தைந்நூறு வருஷச் சரித்திரத்தைப் புரட்டினால், சண்டை பத்தில் ஒன்றா இருபதில் ஒன்றா என்பதன் மேல் நடக்கவில்லை. பண்டசாலையின் சாவி யாரிடம், உள்ளே இருப்பது யார் வாய்க்குப் போகிறது என்பதுதான் திரும்பத் திரும்ப எழுந்த வழக்கு.

ஆனால் நம் சபைகளில் கேட்கப்படும் கேள்வி வேறு. பிடித்தம் போகக் கைக்கு வருகிற சம்பளத்தில் பத்தில் ஒன்றா, பி.எஃப். பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்திலா? போனஸுக்கும் உண்டா? வங்கிக் கடன் தவணை கட்டியது போக மிச்சத்திலா? வேதபாடக் கூட்டத்தில் ஓர் ஆசிரியர் இதை மெனக்கெட்டுத் தாளில் கணக்குப் போட்டு வந்து கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர் மனசாட்சிக்குப் பயந்த மனிதர். அவருக்கு மோசேயின் சட்டத்தை முழுதாக யாரும் படித்துக் காட்டவில்லை என்பதுதான் வருத்தம்.

அந்தச் சட்டத்தில் சம்பளத்துக்குத் தசமபாகம் இல்லை. நிலத்தின் விளைச்சல், மரத்தின் கனி, கோலின்கீழ் எண்ணி விடப்படும் ஆடுமாடு, அவ்வளவுதான். தச்சனுக்கும் மீன்பிடிப்பவனுக்கும் கூலிக்காரனுக்கும் அதில் தனியாக ஒரு கட்டளை கிடையாது. நிலமுள்ளவன் நிலமில்லாதவனுக்குக் கொடுப்பது என்பதே ஏற்பாட்டின் அச்சு. கானானில் கோத்திரங்களுக்கு நிலம் பங்கிட்டபோது லேவியருக்கு வயல் சுதந்தரம் இல்லை. எண்ணாகமம் 18இன்படி அதற்கு ஈடு தசமபாகம். அதைப் பெற்ற லேவியரும் தங்களுக்கு வந்ததில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுத்தாக வேண்டும்.

உபாகமம் 14ஆம் அதிகாரம் இன்னும் வேறு மாதிரி. அங்கே தசமபாகத்தைக் கொண்டுபோகிறவனே குடும்பத்தோடு உட்கார்ந்து அதைச் சாப்பிட வேண்டும். ஆலயம் தூரமாக இருந்தால் விளைச்சலை விற்று வெள்ளியாக்கி முடிந்துகொண்டு போகலாம். போன இடத்தில் அவன் மனம் எதை விரும்புகிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம்: மாடு, ஆடு, திராட்சரசம், மதுவும்கூட. இந்தப் பகுதியை நான் முதன்முதலில் வாசித்தபோது அச்சுப்பிழையோ என்று திரும்பிப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் அந்தப் பங்கு ஊர்வாசலிலேயே வைக்கப்படும். லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாவார்கள். எண்ணாகமம் சொல்வதும் உபாகமம் சொல்வதும் ஒன்றா இரண்டா என்று யூத ரபீமார் பிற்காலத்தில் ஆராய்ந்து, முதலாம் தசமபாகம், இரண்டாம் தசமபாகம், ஏழைகளின் தசமபாகம் என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். ஆக, வேதம் பத்து சதவீதம் கேட்கிறது என்கிறவர் எந்தப் பத்தைச் சொல்கிறார் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

பத்தில் ஒன்று என்பது அந்தக் காலத்தில் சாமிக்கு மட்டுமே உரிய அளவும் அல்ல. தங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று இஸ்ரவேலர் அடம்பிடித்தபோது சாமுவேல் தந்த எச்சரிக்கையில், அந்த ராஜா தானியத்திலும் ஆட்டிலும் பத்தில் ஒன்று வாங்கித் தன் உத்தியோகஸ்தருக்குக் கொடுப்பான் என்பதும் ஒன்று. ஒரே அளவு விதவைக்குப் போனால் தசமபாகம். அரண்மனைக்குப் போனால் நுகம்.

இயேசு தசமபாகத்தைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. மத்தேயு 23இல் ஒற்தலாம், வெந்தயம், சீரகம் வரை பத்தில் ஒன்று எண்ணி எடுக்கும் பரிசேயரைச் சாடுகிறார். (மூலத்தில் இருப்பது சதகுப்பை, நம் மொழிபெயர்ப்பாளர் அஞ்சறைப் பெட்டியிலிருந்து வெந்தயத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். நல்ல தெரிவு என்றே சொல்வேன்.) அதைச் செய்ய வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, அதைவிடப் பெரியவையாகிய நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டதைத்தான் கண்டிக்கிறார். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவும் பிள்ளைகளை அவர் கண்டித்தது மாற்கு 7இல். கொடுக்கக் கூடாத காணிக்கையும் உண்டு என்பதற்கு அது சாட்சி.

ஏழை விதவையின் இரண்டு காசு விஷயத்துக்கு வருவோம். நம் வேதாகமம் அதை ஒரு துட்டுக்குச் சமமாக்குகிறது. துட்டு என்பது டச்சுக்காரர் கொண்டுவந்த ஒரு செப்புக் காசின் பெயர். கடற்கரையில் இறங்கி, பாளையங்கோட்டைச் சந்தையைத் தாண்டி, எருசலேம் ஆலயக் காணிக்கைப் பெட்டி வரை போய்விட்டது. அந்த விதவையைக் கொடுப்பதற்கு முன்மாதிரியாகக் காட்டாத பிரசங்கி இல்லை. 1982இல் அடிசன் ரைட் என்ற கத்தோலிக்க வேத அறிஞர் ஒரு கட்டுரையில் எளிய கேள்வி ஒன்றை எழுப்பினார்: இயேசு அவளைப் புகழ்கிறாரா, அவளுக்காகப் புலம்புகிறாரா? மாற்கு நற்செய்தியில் இந்தக் காட்சிக்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு எச்சரிக்கிறார். காட்சி முடிந்த கையோடு, இந்த ஆலயம் கல்லின்மேல் கல் இராதபடி இடிக்கப்படும் என்கிறார். இரண்டுக்கும் நடுவே, பிழைப்புக்கு இருந்த கடைசிக் காசையும் பெட்டியில் போட்டுவிட்டு ஒருத்தி போகிறாள். அவளைப் போல நீங்களும் செய்யுங்கள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ரைட்டின் வாசிப்பை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. அவள் பக்தியை மறுப்பதற்கும் அதில் இடமில்லை. ஆனால் அந்தக் கட்டுரையின் வாதம் தெரிந்த பிறகு, அந்தப் பகுதியைக் காட்டிப் பை நீட்டுவதற்குக் கை கொஞ்சம் கூசும்.

பவுல் தம் நிருபங்களில் தசமபாகம் என்ற சொல்லை எடுப்பதேயில்லை. எருசலேமின் ஏழைகளுக்காக அவர் சபை சபையாகப் பணம் சேர்த்தார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதை எடுத்துவைக்கச் சொன்னார். மனவருத்தமோ கட்டாயமோ கூடாது என்றார். இதெல்லாம் தெரிந்த விஷயம். அதிகம் பேசப்படாதது, அந்தப் பணத்தைக் கொண்டுபோக அவர் செய்த ஏற்பாடு. தாம் மட்டும் எடுத்துப் போகவில்லை. கொரிந்தியரே தெரிந்தெடுக்கும் ஆட்கள் கடிதத்தோடு போகட்டும் என்றார். தீத்துவோடு, சபைகளால் நியமிக்கப்பட்ட இன்னொருவரையும் அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையில் ஒருவரும் எங்களைக் குறைசொல்லக் கூடாது என்று காரணத்தையும் எழுதினார். கர்த்தர் பார்த்தால் போதும் என்று நிறுத்தாமல் மனுஷர் பார்வைக்கும் சரியாக இருக்க வேண்டும் என்கிற இடம் அது. தணிக்கை என்ற சொல்தான் அங்கே இல்லை.

முதல் மூன்று நூற்றாண்டுகளின் சபையும் பெரும்பாலும் இந்தத் தடத்தில்தான் போனது. 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்ட 'டிடாக்கே' என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு, களத்தின் முதற்பலனைத் தீர்க்கதரிசிக்குக் கொடுக்கச் சொல்கிறது. ஊரில் தீர்க்கதரிசி இல்லையென்றால் ஏழைக்கு. ஊர் ஊராக வரும் ஊழியக்காரன் மூன்றாம் நாளும் தங்கினாலோ, புறப்படும்போது பணம் கேட்டாலோ அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்றும் அதே ஏடு அடித்துச் சொல்கிறது. இன்றைய தொலைக்காட்சி ஊழியங்களில் எத்தனை இந்தச் சோதனையில் தேறும் என்று கேட்பது வம்பு, கேட்காமலிருப்பதும் சரியல்ல. ஏறத்தாழ 197இல் வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன், எங்கள் பெட்டியில் விழும் பணம் விருந்துக்குப் போவதில்லை என்று விளக்கம் தருகிறார். ஏழைகளை அடக்கம்பண்ண, அநாதைப் பிள்ளைகளுக்கு, வீட்டோடு முடங்கிய கிழவர்களுக்கு, கப்பல் உடைந்து கரையேறியவர்களுக்கு, விசுவாசத்தின் நிமித்தம் சுரங்கத்துக்கும் சிறைக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு என்று செலவுப் பட்டியலையே வைக்கிறார். வெளியாட்கள் வாசிப்பதற்காக எழுதிய நூலில்!

சபைக்கு அரசாங்கத்தின் கை கிடைத்ததும் கதை மாறுகிறது. 585இல் பிரான்சின் மாக்கோனில் கூடிய ஆயர்கள், தசமபாகம் தராதவரைச் சபைக்குப் புறம்பாக்கலாம் என்று விதித்தார்கள். 779இல் சார்லமேன் அதைச் சட்டமாகவே ஆக்கினார். அங்கிருந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஐரோப்பிய உழவனின் களத்துமேட்டில் பத்தாவது கட்டு அவனுடையது அல்ல. கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லாத இடத்தில் தாராளம் என்ற சொல்லுக்கும் வேலை இல்லை.

1525இல் தென் ஜெர்மனியின் மெம்மிங்கனில் உழவர்கள் எழுதிவைத்த 12 அம்சக் கோரிக்கையில் இரண்டாவது அம்சம் தசமபாகத்தைப் பற்றியது. வாசகத்தைத் திருத்தி ஒழுங்குபடுத்தியவர் செபஸ்டியன் லோட்சர், தோல் உரோம ஆடை தைக்கும் தொழிலாளி. தசமபாகமே கூடாது என்று அவர்கள் சொன்னதாக நினைத்தால் தவறு. தானியத் தசமபாகத்தைத் தருகிறோம் என்கிறார்கள். ஆனால் அதை நாங்கள் நியமிக்கும் கோயில் விசாரிப்புக்காரர் வசூலிப்பார். நாங்கள் தெரிந்தெடுத்த போதகருக்கும் குடும்பத்துக்கும் போதுமானது அதிலிருந்து போகும். மிச்சம் ஊர் ஏழைகளுக்கு. அதிலும் மிஞ்சினால் யுத்தக் காலத்தில் ஏழை மேல் வரி விழாதபடி சேர்த்துவைப்போம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கேட்கும் சிறு தசமபாகத்தை மட்டும் தரமாட்டோம். நான் படித்தவரையில் தசமபாகத்தைப் பற்றி ஆலயத்துக்கு வெளியே எழுதப்பட்டவற்றில் மிகத் தெளிவானது இந்த ஒரு பத்திதான். லூத்தர் அதை வழிப்பறி என்றார். தசமபாகம் அதிகாரிகளின் சொத்து, அதைப் பங்கிட நீங்கள் யார் என்று கேட்டார். அந்த வருஷமே கிளர்ச்சி ரத்தத்தில் அமிழ்த்தப்பட்டது.

இங்கிலாந்தில் கூத்து வேறு விதமாக நடந்தது. எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் இடையில் மடங்களைக் கலைத்தபோது, மடங்களுக்குப் போய்க்கொண்டிருந்த தசமபாக உரிமையும் மடத்து நிலங்களோடு பெரிய மனிதர் கைக்கு மாறியது. பூசையும் செய்யாத, பிரசங்கமும் பண்ணாத ஜமீன்தார், ஆண்டவரின் பங்கு என்ற பெயரில் உழவனிடம் வாங்கித் தின்றார். தொபியா மறுபடியும் குடிவந்த கதைதான்; இந்த முறை பத்திரப் பதிவோடு. அயர்லாந்தில் கத்தோலிக்கக் குடியானவர் தாங்கள் கால்வைக்காத ஆங்கிலிக்கன் சபைக்குத் தசமபாகம் கட்ட வேண்டியிருந்தது. 1831இல் தொடங்கிய மறுப்பு துப்பாக்கிச் சூடு வரை போனது. 1836இல் இங்கிலாந்தில் விளைச்சல் பங்கு பண வாடகையாக மாற்றப்பட்டது. 1936இல் அதுவும் எடுக்கப்பட்டு, பதிலுக்கு வந்த தவணை 1977இல்தான் ஒழிந்தது. அரசாங்கத் தசமபாகமே இல்லாத அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் மல்கியா மீண்டும் கையிலெடுக்கப்பட்டு, பண்டசாலை என்றால் உள்ளூர் சபை என்ற விளக்கம் பரவியது. இன்று நம் பிரசங்கபீடங்களில் கேட்பது பெரும்பாலும் அந்த வழி வந்த விளக்கமே.

திருநெல்வேலிக்கு வந்த மிஷனரிமார் தசமபாகச் சட்டத்தைக் கொண்டுவரவில்லை. 1830இல் ரேனியஸ் ஐயர் தொடங்கிய தர்ம சங்கம், சபையார் கொடுத்த பணத்தில் நிலம் வாங்கி, ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்களைக் குடியமர்த்தியது. 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தபோது, வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் கூட்டாளிகளும் வைத்த உறுதி, வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்பது. ஊழியர்கள் நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல்லுக்குப் போனார்கள். 1912இல் அசரியா அங்கேயே முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார்.

தோர்ணக்கல் சபையார் பெரும்பாலும் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த பண்ணைக் கூலிகள். மோசேயின் சட்டப்படி பார்த்தால் ஊர்வாசலில் வந்து சாப்பிட வேண்டியவர்கள். அவர்களிடம்தான் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கச் சொன்னார் அசரியா. 'கிறிஸ்தவக் கொடுத்தல்' என்றே ஒரு புத்தகமும் எழுதினார். இது சரியா என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. தலைமுறை தலைமுறையாகக் கையேந்த வைக்கப்பட்டவனிடம், நீயும் கொடுப்பவன் என்று சொல்வதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. வெள்ளைக்காரர் பணத்தில் நடக்கிற கோயில் அவனுடையதாகாது, தன் அரிசியில் நடக்கிற கோயிலில் அவன் குரல் எடுபடும். அசரியாவின் கணக்கு அது. அந்தக் குரல் உண்மையிலேயே எடுபடும் வரைக்கும்தான் அந்த நியாயம் நிற்கும். அரிசி மட்டும் போய், குரல் போகாவிட்டால், அது பழைய பண்ணையார் களத்துக்குப் புதுப் பெயர்.

பிடியரிசி கிறிஸ்தவரின் கண்டுபிடிப்பும் அல்ல. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா, வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியில் வளர்ந்த பள்ளிக்கூடம். மிசோரம் பெண்கள் 1910 முதல் வேளைக்கு ஒரு பிடி எடுத்துவைக்கிறார்கள். அங்கே சபையின் பெரிய வருமானங்களில் அது ஒன்று. குமரிக் கடற்கரையின் கத்தோலிக்க ஊர்களில் மீன்பாட்டில் ஒரு பங்கு கோயிலுக்குப் போனது. அதை வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டு, அந்தக் குத்தகையின் பேரில் சச்சரவுகளும் நடந்தன. கொடுக்கத் தெரியாத ஊர் இல்லை. இடையில் குத்தகைக்காரர் வந்ததும்தான் முகம் சுளிக்கிறது.

இன்றும் தென் மாவட்டத்து சி.எஸ்.ஐ. சபைகளில் 'சங்கம் கட்டியாச்சா?' என்று கேட்பார்கள். சங்கம், அதாவது சபைச் சந்தா, பாக்கி இருந்தால் சபைத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் பெயர் வராது. தேர்தல் வருஷத்தில் அடுத்தவர் சங்கத்தையும் சேர்த்துக் கட்டும் தாராளப் பிரபுக்கள் முளைப்பார்கள். இன்னொரு பக்கம் அசன விழா. அவரவர் கொடுத்த ஆடும் அரிசியும் ஒரே அடுப்பில் வெந்து, கொடுத்தவர் கொடாதவர் எல்லாருக்கும் ஒரே பந்தியில் விழுகிறது. உபாகமம் 14ஐ யாரும் பிரசங்கிக்காமலே நம் ஊர்க்காரர் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை எடுத்தவரே மறுபடி காணிக்கையாக வைக்க, அது மூன்று கை மாறி ஒவ்வொரு கைக்கும் விலை ஏறுவதைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தசமபாகத்தையே நம்பிப் பிழைக்கும் சிறு சபைப் போதகர்களை இந்தக் கணக்கில் குறைசொல்ல எனக்கு மனம் வராது. மிஷன் சொத்து இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. தகரக் கூரையின்கீழ் முப்பது குடும்பம், அதில் பாதிக் குடும்பம் தினக்கூலி. அவர் அசல் லேவியர். நூறத்தனை திரும்ப வரும், விதைத்துப் பாருங்கள் என்று திரையின் அடியில் கணக்கு எண்ணை ஓடவிடுகிறவர் வேறு வகை. கொடுத்தும் கடன் தீராதவளிடம் உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட முடிகிற ஏற்பாட்டில் நஷ்டம் எப்போதும் விதைத்தவருக்கே. மல்கியாவின் பலகணிகள் ஒரு நாட்டின் மழையையும் விளைச்சலையும் பற்றியவை. தனி ஆளின் வைப்புத்தொகை வட்டியைப் பற்றியவை அல்ல.

எங்கள் வீட்டில் பிடியரிசிக்கு ஒரு பழைய பால்மாவு டப்பா இருந்தது. ஆச்சி உலையில் போட அரிசி அளந்த பிறகு, அளந்ததிலிருந்தே ஒரு பிடி அள்ளி டப்பாவில் போடுவாள். மூட்டையிலிருந்து தனியாக எடுக்கமாட்டாள். ரேஷன் அரிசி வாங்கிய வாரம் ரேஷன் அரிசி, அறுப்பு முடிந்த வாரம் புது அரிசி. சனிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா பையோடு வருவாள். எல்லா வீட்டு அரிசியும் கலந்து போவதால் அது சோற்றுக்கு ஒத்து வேகாது. இட்லிக்கென்றும் கோழிக்கென்றும் ஏலத்தில் எடுப்பார்கள். எத்தனை படி சேர்ந்தது, என்ன விலைக்குப் போனது, எந்த வீட்டு மருந்துச் செலவுக்குக் கொடுத்தது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக் கோயில் வாசல் மேசையில் வைத்திருப்பார்கள். ஆச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஆராதனை முடிந்து வரும்போது நின்று அந்த நோட்டைப் புரட்டுவாள். என் விரலைப் பிடித்து வரிசையில் இழுத்து, 'நம்ம டப்பா எங்கலே இருக்கு, காட்டு' என்பாள்.